மடியில் துணி, மனசில் பயம்

நட்சத்திர ஹோட்டல். கம்பெனி விருந்து. வட்ட மேஜை, வெள்ளை விரிப்பு, சுற்றி எட்டு நாற்காலி. உங்கள் முன்னால் ஒரு பெரிய தட்டு. தட்டின் மேல் விசிறி மாதிரியோ, தாமரை மொட்டு மாதிரியோ மடித்து நிறுத்திய ஒரு துணி.

அதைத் தொடலாமா, கூடாதா? தொட்டால் பிரித்துவிட வேண்டுமா? பிரித்து எங்கே போட்டுக்கொள்வது? ஓரக்கண்ணால் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறீர்கள். அங்கே இருப்பவர் அதே ஓரக்கண்ணால் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

பி.காம். முடித்து நான் பத்திரிகை வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு விருந்து. ஒரு கம்பெனியின் பிரஸ் மீட் முடிந்து டின்னர். என்னோடு வந்த சீனியர் நிருபர் ஐம்பதைத் தாண்டியவர். சின்ன ஊர்க்காரர். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால் பத்தே நிமிஷத்தில் எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுகிற கில்லாடி. வெயிலில் பஸ் பிடித்து வந்ததில் மனுஷனுக்குத் தொப்பலாக வியர்வை. உட்கார்ந்த கையோடு தட்டில் இருந்த துணியை உதறி எடுத்தார். முகம், கழுத்து, பிடரி எல்லாம் அழுத்தித் துடைத்தார்.

எதிரே இருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சத்தமில்லாத சிரிப்பு. அதை அவர் பார்த்துவிட்டார்.

அப்புறம் அவர் சரியாகவே சாப்பிடவில்லை. அந்தத் துணியை நாலாக மடித்து, ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "தம்பி, அந்தத் துணியை என்னதான்யா பண்ணணும்?"

"எனக்கும் தெரியாது சார்" என்றேன். நிஜமாகவே தெரியாது. அவர் முந்திக்கொண்டார், நான் தப்பித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் தெரிந்தது, இந்த ஒரு முழத் துணிக்குப் பின்னால் இரண்டாயிரம் வருஷக் கதை இருக்கிறது. வாய் துடைக்க மட்டும் அது பயன்பட்டிருந்தால் கதை இவ்வளவு நீண்டிருக்காது. எதிரே இருக்கிற ஆள் யார், எந்தத் தரம் என்று அளந்து பார்க்கிற டேப்பாகவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு புரளியை ஓரம்கட்டிவிடுவோம். இன்டர்நெட்டில் தேடினால், நாப்கினைக் கண்டுபிடித்தவர் லியனார்டோ டாவின்சி என்று சத்தியம் செய்வார்கள். மிலான் அரண்மனையில் விருந்தாளிகள் கை துடைக்க நாற்காலிதோறும் உயிருள்ள முயலைக் கட்டி வைத்திருந்தார்களாம். அதைப் பார்த்து மனம் நொந்த டாவின்சி, ஆளுக்கொரு துணி கொடுத்தாராம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் 1987-ல் ஷீலா ரூத், ஜொனாதன் ரூத் என்ற இரண்டு பேர், டாவின்சியின் சமையல் குறிப்புகள் என்று சொல்லி வெளியிட்ட கிண்டல் புத்தகத்தில் அடித்துவிட்ட கதை அது. டாவின்சி பிறப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே விருந்தில் நாப்கின் திருடு போயிருக்கிறது!

பழைய கிரேக்கர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவர்கள் கை துடைத்தது துணியில் அல்ல, மாவில். பிசைந்த மாவு உருண்டையைக் கையில் உருட்டி உருட்டி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். அப்புறம் அதை நாய்க்குப் போட்டுவிடுவார்கள். சிக்கனம், சுத்தம், ஜீவகாருண்யம். மூன்றும் ஒன்றாக!

துணிக்கு வந்தவர்கள் ரோமானியர்கள். அவர்களிடம் இரண்டு வகை துணி இருந்தது. ஒன்று 'மாப்பா'. இதை விருந்துக்குப் போகிறவர்களே வீட்டிலிருந்து எடுத்துப் போவார்கள். சாப்பிட்டது போக மிச்சமிருக்கிற பலகாரங்களை அதிலேயே கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கல்யாண வீட்டிலிருந்து தாம்பூலப் பையோடு திரும்புகிற நமக்கு இது புதுசா என்ன? இன்னொன்று 'சுடாரியம்'. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேலை இருக்கிறது.

கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டல்லஸ் என்ற கவிஞர், மருசினஸ் அசினியஸ் என்ற ஆசாமியைத் திட்டி ஒரு கவிதை எழுதினார். குற்றம் என்ன? விருந்தில் எல்லோரும் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அசந்திருப்பவர்களின் துணியை இந்த ஆள் லவட்டிவிடுகிறான். கவிஞர் பறிகொடுத்தது, ஸ்பெயினில் சேட்டபிஸ் என்ற ஊரில் நெய்த லினன் துணி. இரண்டு நண்பர்கள் ஆசையாக அனுப்பி வைத்தது. 'விலைக்காகக் கேட்கவில்லை, ஞாபகார்த்தம் என்பதற்காகக் கேட்கிறேன். திருப்பிக் கொடு, இல்லையென்றால் முன்னூறு வரி வசைபாடுவேன்' என்பது மிரட்டல். நம்ம காளமேகப் புலவரிடம் கொடுத்து வைத்த மாதிரி!

சுமார் நூற்றைம்பது வருஷம் கழித்து மார்ஷியல் என்ற இன்னொரு கவிஞர், ஹெர்மொஜெனஸ் என்ற நாப்கின் திருடனைக் கிண்டலடிக்கிறார். இவன் விருந்துக்கு வரும்போது துணி கொண்டுவருவதே இல்லை, போகும்போது மட்டும் ஒன்று கையில் இருக்கும். ஒருநாள் திருட்டுக்குப் பயந்து யாருமே துணி கொண்டுவரவில்லை. இவன் மேஜை விரிப்பையே உருவிக்கொண்டு போய்விட்டான்!

இதுவரைக்கும் தமாஷ். இனிமேல்தான் விஷயம்.

நீரோ மன்னன் காலத்தில் பெட்ரோனியஸ் எழுதியதாகச் சொல்லப்படும் 'சட்டிரிக்கான்' என்ற நாவலில் டிரிமால்கியோ என்று ஒரு பாத்திரம். அடிமையாக இருந்து விடுதலையானவன். கொள்ளைப் பணம் சேர்த்துவிட்டான். ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறான். கழுத்தில் ஒரு நாப்கின் கட்டிக்கொண்டு வருகிறான். அதில் அகலமான ஊதாப் பட்டை. ரோமில் அகல ஊதாப் பட்டை போட்ட அங்கி செனட்டர்களுக்கு மட்டுமே உரியது. மாஜி அடிமை அதை உடம்பில் போட்டால் வம்பு. அதனால் நாப்கினில் போட்டுக்கொள்கிறான். துணியில் ஏறினால் அந்தஸ்தில் ஏறின மாதிரி என்று ஒரு ஆசை.

இதே டிரிமால்கியோ, அதற்குக் கொஞ்சம் முன்னால் கைகழுவத் தண்ணீர் கேட்கிறான். விரலை நனைத்துக்கொள்கிறான். ஈரத்தை எதில் துடைத்தான் தெரியுமா? பக்கத்தில் நின்ற அடிமைப் பையனின் தலைமுடியில்.

கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவனைப் பார்த்துச் சிரித்த ரோமானிய வாசகர்கள், ஊதாப் பட்டை நாப்கினைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையனின் தலை கைதுடைக்கும் துணியானதற்கு அவர்களில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்?

மாப்பாவுக்கு அரசாங்க வேலையும் கிடைத்தது. தேரோட்டப் பந்தயத்தை ஆரம்பித்துவைக்க, பதவியில் இருப்பவர் ஒரு வெள்ளைத் துணியைக் கீழே போடுவார். நீரோ சாப்பாட்டை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்க, வெளியே கூட்டம் பொறுமையிழந்து கத்த, வாய் துடைத்த துணியை அவன் ஜன்னல் வழியே எறிந்து 'ஆரம்பிங்கப்பா' என்றானாம். அதிலிருந்து வந்த வழக்கம் என்று ஒரு பழைய கதை உண்டு. கதை எப்படியோ, கி.பி. 517-ல் கான்சல் பதவி வகித்த அனஸ்டேசியஸின் தந்தப் பலகைச் சிற்பத்தைப் பாருங்கள். கையை உயர்த்தி ஒரு சின்னத் துணி மூட்டையைப் பிடித்திருப்பார். அதுதான் மாப்பா. வாய் துடைத்த துணி, செங்கோல் மாதிரி ஆகிவிட்டது.

இந்த மாப்பாவின் வாரிசுகள் இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறார்கள். துணியில் வரைந்த உலகப் படத்துக்கு லத்தீனில் 'மாப்பா முண்டி' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் நம் பள்ளிக்கூடத்து 'மேப்'. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் மாப்பா 'நாப்' ஆயிற்று. அதோடு சின்னது என்று பொருள்படும் 'கின்' சேர்த்து, ஆங்கிலத்தில் 'நாப்கின்'. சமையல்காரர் இடுப்பில் கட்டுகிற 'ஏப்ரன்' முதலில் 'நாப்ரன்'. 'எ நாப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, நகரம் நழுவி 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது. பிரிட்டனில் குழந்தைக்குக் கட்டுகிற 'நாப்பி'யும் நாப்கினின் செல்லப் பெயர்தான். நம்மூரில் நாப்கின் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் பேப்பர் சுற்றித் தருகிற சமாச்சாரம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். எல்லாம் ஒரே குடும்பம்.

ரோம் விழுந்தது. ஆளுக்கொரு துணி என்ற ஆடம்பரமும் போயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் விருந்தென்றால் கையால்தான் சாப்பாடு. உட்காருமுன் கை கழுவ ஜாடியும் தாம்பாளமும் வரும். சாப்பிடும்போது கை பிசுபிசுத்தால்? மேஜை விரிப்பின் ஓரம் எதற்கு இருக்கிறது! எல்லோரும் அதில்தான் துடைத்துக்கொண்டார்கள். அது தப்பாகவும் இல்லை.

1530-ல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் சிறுவர்களுக்காக லத்தீனில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நல்ல நடத்தை எது என்று சொல்லித்தருகிற புத்தகம். ஐரோப்பாவெங்கும் சக்கைப்போடு போட்டது. ரெண்டே வருஷத்தில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நாப்கின் பற்றி அதில் என்ன சொல்கிறார்? 'துணி கொடுத்தால் இடது தோளிலோ இடது கையிலோ போட்டுக்கொள். பிசுக்கான விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே. மேஜை விரிப்பிலோ நாப்கினிலோ துடை.'

கவனித்தீர்களா? தோளில் போடு என்கிறார்! மேஜை விரிப்பில் துடைத்தால் தப்பில்லை என்கிறார்! அன்றைக்கு நாகரிகத்தின் உச்சம் அது. இன்றைக்கு அதே ஹோட்டலில் அப்படிச் செய்து பாருங்கள், எதிர் நாற்காலிகள் சிரிக்கும்.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தது முள்கரண்டி. தாமஸ் கோரியட் என்ற ஊர்சுற்றி இங்கிலாந்துக்காரர், இத்தாலியில் அதைப் பார்த்து, தானும் பழகிக்கொண்டு, 1611-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் எழுதினார். ஊர் திரும்பியதும் நண்பர் ஒருவர் அவருக்கு 'ஃபர்சிஃபர்' என்று பட்டப்பெயர் வைத்தார். லத்தீனில் அதற்கு 'முள் தூக்கி' என்றும் அர்த்தம் எடுக்கலாம், 'போக்கிரி' என்றும் எடுக்கலாம். இந்த கோரியட் பின்னால் பெரும்பாலும் நடந்தே இந்தியா வந்து, ஜஹாங்கீரைப் பார்த்து, 1617-ல் சூரத்தில் இறந்துபோனார் என்பது கிளைக்கதை.

முள்கரண்டி வந்தால் கையில் பிசுக்கு இல்லை. பிசுக்கு இல்லையென்றால் நாப்கினுக்கு வேலை இல்லை. நியாயமாக அது வழக்கொழிந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. வேலை குறையக் குறைய அலங்காரம் கூடியது.

1629-ல் இத்தாலியின் பாதுவா நகரில் மாட்டியா கீகர் என்பவர் விருந்துக் கலை பற்றி ஒரு புத்தகம் போட்டார். கஞ்சி போட்ட துணியைப் பறவையாக, மிருகமாக மடிப்பது எப்படி என்று படத்தோடு விளக்கினார். சீக்கிரமே இது ஒரு தொழிலாகிவிட்டது. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பெப்பிஸ், தன் டைரியால் புகழ்பெற்றவர். 1669 ஜனவரியில் அவர் வீட்டில் விருந்து. மேஜை விரித்து நாப்கின் மடிக்க வந்த ஆளின் கைவண்ணத்தில் மயங்கி, 'நாற்பது ஷில்லிங் கொடுத்தாவது என் மனைவிக்கு இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும்' என்று குறித்துவைக்கிறார்.

பெப்பிஸ் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? ஒரு தையல்காரரின் மகன். மேலே ஏறி வந்த மனிதர். அவருக்கு அந்தத் துணிப் பறவை வெறும் அலங்காரம் இல்லை. 'நானும் இந்த மேஜைக்கு உரியவன்தான்' என்று விருந்தாளிகளிடம் சொல்லாமல் சொல்கிற சாட்சி. ஊதாப் பட்டை போட்டுக்கொண்ட டிரிமால்கியோ ஞாபகம் வருகிறானா?

பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்திய பாதிரியார் ழான் பாப்டிஸ்ட் த லா சால். அவருடைய நன்னடத்தை நூல் முதலில் வந்தது 1703-ல். 18-ம் நூற்றாண்டு முழுக்க மறுபதிப்புகள். நாப்கினால் முகம் துடைப்பது முறையல்ல, பல் தேய்ப்பது அதைவிட மோசம், மூக்குச் சிந்துவது எல்லாவற்றையும்விட மோசம் என்று அந்த நூலின் பதிப்பு ஒன்று வரிசைப்படுத்துகிறது. யாரும் செய்யாததைச் செய்யாதே என்று எவரும் எழுத மாட்டார்கள். ஆக, பிரெஞ்சுக்காரர்கள் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

19-ம் நூற்றாண்டில் நடுத்தர வர்க்கம் மேஜைக்கு வந்தது. தினமும் எல்லார் துணியையும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடக் கட்டுப்படியாகாது. அதனால் வளையம் வந்தது. அப்பாவுக்கு ஒரு வளையம், அம்மாவுக்கு ஒன்று. சாப்பிட்டதும் அவரவர் துணியைச் சுருட்டி அவரவர் வளையத்தில் செருக வேண்டியது. அடுத்த வேளைக்கும் அதேதான். இன்று பரிசுப் பொருள் கடையில் பெட்டியோடு விற்கிற வெள்ளி வளையம், உண்மையில் சலவைக் கணக்கில் மிச்சம் பிடித்த குடும்பத்தின் அடையாளம்! அமெரிக்காவில் எமிலி போஸ்ட் 1922-ல் எழுதிய புகழ்பெற்ற நாகரிக நூல், நாகரிகமான வீடுகளில் குழந்தைகள் அறையைத் தவிர வேறெங்கும் வளையத்தைப் பார்க்க முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

துணியை வைத்து அளந்தது போதாதென்று, அதன் பெயரை வைத்தும் அளந்தார்கள். 1954-ல் ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர், ஃபின்லாந்து ஆராய்ச்சி இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். பேசுகிற சொல்லை வைத்தே ஒருவர் மேல்தட்டா இல்லையா என்று கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். 1955-ல் நான்சி மிட்ஃபர்ட் என்ற பிரபுகுலத்து எழுத்தாளர் அதை எடுத்து இன்னொரு கட்டுரையில் பரப்பிவிட, பிரிட்டன் முழுக்க ஒரே பேச்சு. 'நாப்கின்' என்பவர் உயர்குடி. 'செர்வியட்' என்பவர் உயர்குடி மாதிரி நடிப்பவர். துணி என்னவோ ஒன்றுதான். இதில் வேடிக்கை, இரண்டு சொல்லின் வேரும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான்!

பேப்பர் நாப்கின் வந்துதான் இந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. மடிப்பு இல்லை, சலவை இல்லை, பயம் இல்லை. துடை, கசக்கு, போடு. அவசரத்துக்கு அதில் எழுதவும் எழுதலாம். 2000 டிசம்பர் 14. பார்சிலோனாவில் ஒரு டென்னிஸ் கிளப். அர்ஜென்டினாவிலிருந்து வந்த 13 வயதுப் பையனைக் கால்பந்து கிளப் சேர்த்துக்கொள்ளுமா இல்லையா என்று அவன் அப்பா தவித்துக்கொண்டிருந்தார். கிளப்பின் இயக்குநர் கார்லஸ் ரெக்ஸாக், கையில் கிடைத்த பேப்பர் நாப்கினில் 'சேர்த்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையன் பெயர் லியோனல் மெஸ்ஸி. 2024 மே மாதம் லண்டனின் போனம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அந்தக் காகிதம் 7,62,400 பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் சுமார் எட்டு கோடி ரூபாய்!

துணி நாப்கினில் அப்படி எழுதத் துணிவு வராது. வரியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வருமானம் குறையும் என்று காட்டும் 'லாஃபர் வளைகோடு' பொருளாதார மாணவர்களுக்குத் தெரியும். 1974-ல் வாஷிங்டன் ஹோட்டலில் ஆர்தர் லாஃபர் அதை நாப்கினில் வரைந்து காட்டினார் என்று கூட இருந்த பத்திரிகையாளர் ஜூட் வானிஸ்கி எழுதினார். லாஃபருக்கோ அதில் சந்தேகம். அங்கே துணி நாப்கின்தான் வைப்பார்கள், நல்ல பொருளைப் பாழாக்காதே என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தார் என்கிறார். பெரிய பொருளாதார நிபுணருக்கும் துணி என்றால் பயம்தான்!

சரி, சீனியர் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தத் துணியை என்னதான் பண்ண வேண்டும்? இன்றைய வழக்கம் இது. உட்கார்ந்ததும் பிரித்து, பாதியாக மடித்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். வாயில் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் நாற்காலியில் வைக்கலாம். அதன் அர்த்தம் 'திரும்பி வருவேன்'. முடித்துவிட்டால் தட்டுக்கு இடது பக்கம், மடிக்காமல் லேசாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஏன் மடிக்கக் கூடாது? ஒழுங்காக மடித்து வைத்தால், 'அடுத்த வேளைக்கும் இதே துணியைத்தான் தருவீர்கள்' என்று விருந்து வைத்தவரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வளையக் காலத்து எச்சம்.

அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்தில் கற்றுக்கொள்கிற சங்கதி. தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மடிக்கு என்று அந்தத் துணியே இத்தனை இடம் மாறியிருக்கிறது. இன்றைய நாகரிகம் நாளைக்கு நகைப்பு. அடுத்தவர் அதைக் கழுத்தில் செருகிக்கொண்டால் அவர் நாகரிகம் இல்லாதவர் அல்ல. முன்னூறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறார், அவ்வளவே.

எராஸ்மஸின் புத்தகத்தைத் தோள், விரிப்பு விஷயங்களுக்காக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒரு பிரபுவின் மகனுக்குச் சமர்ப்பணம் செய்த நூல் அது. எழுதியவரோ, ஒரு பாதிரியாருக்கு முறைதவறிப் பிறந்த பிள்ளை. பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டினால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர். எல்லா விதிகளையும் சொல்லி முடித்துவிட்டு, அந்தச் சிறுவனுக்கு அவர் கடைசியாகச் சொல்வதன் சாரம் இது: நீ தவறாமல் நடந்துகொள், ஆனால் மற்றவர் தவறினால் தாராளமாக மன்னித்துவிடு. நாகரிகத்தில் பெரும்பகுதி அதுதான். நடத்தையில் கொஞ்சம் முரடாக இருக்கிறான் என்பதற்காக ஒரு நண்பன் மேல் உள்ள அன்பைக் குறைத்துக்கொள்ளாதே. அந்தக் குறையை வேறு திறமைகளால் ஈடுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பத்து நிமிஷத்தில் பேலன்ஸ் ஷீட்டின் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர்கள் மாதிரி.

எராஸ்மஸ் கணக்கில் பார்த்தால், அன்றைக்கு அந்த மேஜையில் நாகரிகம் தவறியவர்கள் இரண்டு பேர். இருவரும் நாப்கினை மிகச் சரியாக மடியில் போட்டிருந்தார்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, சுடாரியம்? கட்டல்லஸ் தன் கவிதையில், விருந்தில் பறிகொடுத்த துணியை இந்தப் பெயரால்தான் சொல்கிறார். லத்தீனில் 'சுடார்' என்றால் வியர்வை. சுடாரியம் என்றால் வியர்வை துடைக்கிற துணி.

சீனியர் சரியாகத்தான் துடைத்திருக்கிறார்.